முந்திக்கொண்ட ரீடர்

"நான்தான வே மொதல்ல வந்திருக்கேன்?" என்று கேட்டுக்கொண்டே ஸ்கூட்டரை நிறுத்தினார் அசன் மைதீன்.

கேட்டுக்கு உள்ளே முருங்கை மரத்தடியில், கைலியும் முண்டா பனியனுமாக ஒரு பெரியவர் செருப்புகளைக் கழுவிக் காயவைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"ஆமா தம்பி. வேற யாரும் வரல."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு, சட்டென்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். "இன்னாலில்லாஹி... ஹசன் அலி ஹாஜியார் மாதிரி ஒரு மனுசன் இனிமே பொறந்துதான் வரணும்."

பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கடைவீதி வியாபாரிகள் சங்கத்துக்குத் தேர்தல். தலைவர் பதவிக்கு அசன் மைதீனும் மளிகைக்கடை கனியும் போட்டி. ஹாஜியார் குடும்பத்தில் மட்டும் நாற்பது ஓட்டு. இந்த வீட்டில் கைகாட்டுகிற பக்கம்தான் நாற்பதும் விழும்.

"வீட்டாளுக எங்க? ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாவ. மய்யித்து வந்துசேர நேரமாகும்." கேள்வியையும் பதிலையும் அவரே சொல்லிக்கொண்டார். "நீரு இங்கன வேலை பாக்கீரோ?"

"ஆமா, எல்லா வேலையும் பாக்கேன். உங்களுக்கு யாரு தம்பி சொன்னா?"

"அதான வே விசயம்." அசன் மைதீன் போனை எடுத்து நீட்டினார். "ஒருத்தரும் சொல்லாண்டாம். இதுக்குப் பேரு ஃபீட் ரீடர். நம்ம ஊரு வெப்சைட்டு இருக்குல்லா, வஃபாத்துன்னு சாவுச் செய்தியெல்லாம் போடுவானுவளே, அதுல ஒண்ணு ஏறுன ஒடனே புடிச்சுக் கொண்டாந்து எங்கிட்டப் போட்டுரும். பாரும், பத்து நாப்பதுக்கு ஏத்திருக்கான். பத்து நாப்பத்தொண்ணுக்கு எனக்கு டிங்குன்னு சத்தம். பத்து அம்பத்தஞ்சுக்கு நான் இங்கன நிக்கேன். வெப்சைட்ட நான் தொறக்கவே வேண்டாம்."

"தொறக்கவே வேண்டாமா?"

"எதுக்குங்கேன்? பேப்பர் போடுதவன் வாசல்ல வீசிட்டுப் போன பொறவு, நீரு பேப்பர் ஆபீசுக்குப் போயிப் பாப்பீரா? மொபைல் கடை சல்மான் ஃபாரிஸ்தான் இத மாட்டிக் குடுத்தான். மொத்தம் பதிமூணு வெப்சைட்டு. பாபநாசம் அணையில தண்ணி ஏறுனாலும் வரும், ஊருல ஆளு போனாலும் வரும்."

"நல்ல வசதிதான்."

"அந்தக் கனி இருக்கான் பாரும், இன்னும் கல்லாவுல உக்காந்து ஒவ்வொரு வெப்சைட்டா தொறந்து தடவிக்கிட்டு கெடப்பான். அவன் வந்து சேருததுக்குள்ள நான் இங்கன ரெண்டு தடவ அழுது முடிச்சிருவேன்."

பெரியவர் அடுத்த செருப்பை எடுத்துத் தேய்த்தார். "அவரு மேல என்ன கோவம்?"

"போன தேர்தல்ல பதினோரு ஓட்டுல தோத்தேன்வே. ஏன் தோத்தேன்? எங்க தெரு சித்தி ஜனாபாங்குத கெழவி மவுத்துக்கு நான் போறதுக்குள்ள அவன் மய்யித்தத் தூக்குத சந்தூக்குக்குத் தோள் குடுத்துட்டான். ஊரே பாத்துச்சு. நான் பள்ளிவாசல் கேட்டுல நின்னு செருப்ப கழட்டிக்கிட்டு இருக்கேன். அன்னைக்கு முடிவு பண்ணுனேன், இனி இந்த ஊருல ஒரு மய்யித்தும் என்னைய விட்டுட்டுப் போகப்பிடாது."

"அது சரி."

"இன்னொண்ணு. மவுத்து வீட்டுல அடுப்பு பத்தவைக்கப்பிடாதுல்லா. நூறு பேருக்கு நெய்ச்சோறு சொல்லிட்டுத்தான் வண்டிய எடுத்தேன். மத்தியானம் லுஹர் தொழுகைக்கு மின்ன வந்துரும். எறக்கும்போது, 'அசன் மைதீன் அனுப்புனாரு'ன்னு நாலு பேரு காதுல விழுத மாதிரி சொல்லும், என்ன?"

"சொல்லிருவோம்" என்றார் பெரியவர். "ஹாஜியாரு உங்களுக்கு ரொம்பப் பழக்கமோ?"

அசன் மைதீன் தெருவை எட்டிப் பார்த்தார். யாருமில்லை. நாற்காலியைப் பைய முன்னால் நகர்த்தினார்.

"உம்மகிட்ட சொல்லுததுக்கு என்ன. அவரு கொழும்புல கடை வச்சிருந்தப்ப நான் சவுதியில தம்மாம்ல கெடந்தேன். அவரு ஊரோட வந்தே ரெண்டு மாசந்தான் ஆச்சாம். மூஞ்சியக்கூடப் பாத்ததில்ல. சரியான கஞ்சப்பிசினாரின்னு கேள்வி. நமக்கு எதுக்கு அது? நாப்பது ஓட்டுவே. நாப்பது ஓட்டுக்கு யாரு வேணும்னாலும் எனக்கு மூத்த அண்ணன்தான்."

பெரியவர் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டார். போனை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, அந்த வஃபாத்துச் செய்தியைக் கடைசி வரி வரைக்கும் நிதானமாகப் படித்தார். பிறகு திருப்பிக் கொடுத்தார்.

"வழி கேக்க வந்த ஆம்புலன்ஸ் ஒண்ணு இந்த வாசல்ல நின்னுச்சு தம்பி. அதப் பாத்து எவனோ ஏத்திட்டான். கனி அத வெப்சைட்டுல பாத்துட்டு, பதறிப்போயி எனக்கே போன் போட்டு விசாரிச்சான். அவன்தான் சண்ட போட்டு அத எடுக்க வச்சான். ஏறுன அஞ்சு நிமிசத்துலயே வெப்சைட்டுல அது இல்ல. வீட்டாளுக நாப்பது பேருக்கும் அப்பவே சொல்லிட்டேன், ஓட்டு கனிக்குத்தான்னு."

அசன் மைதீன் போனையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஊருக்கெல்லாம் நான் பொழச்சிட்டேன் தம்பி" என்றார் ஹசன் அலி ஹாஜியார். "உங்க ரீடர்லதான் இன்னும் மவுத்தாவே கெடக்கேன்."