கொடிக்கால் தீட்டு

கொடிக்காலில் ஒரு வரிசை முழுக்க வாடிக் கிடந்தது.

முந்தாநாள் வரை அகத்தி மரங்களைப் பற்றிக்கொண்டு பச்சைப் பசேலென்று ஏறி நின்ற வெற்றிலைக்கொடி. இன்றைக்குத் தொட்டால் கையோடு வருகிறது. ஒச்சம்மாள் கொடியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நேராக மருமகள் செல்லக்கிளியைத்தான் பார்த்தாள்.

சோழவந்தான் பக்கம் கொடிக்கால் என்றால் கோயிலுக்குச் சமம். செருப்பை வாசல் படலுக்கு வெளியே விட வேண்டும். வீட்டுக்குத் தூரமான பெண்கள் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. கொடி வாடினால் மருந்து வாங்க ஆள் அனுப்புவதெல்லாம் அப்புறம். எவள் தீட்டோடு உள்ளே வந்தாள் என்பதுதான் முதல் விசாரணை.

"ரெண்டு மாசமா நீ மாட்டுக் கொட்டத்துல ஒதுங்கி உக்காரவே இல்லையேடி. மறைச்சுட்டுத்தான உள்ள வந்த?"

இலை கிள்ள வந்த பெண்கள் கைவேலையை நிறுத்திவிட்டார்கள்.

செல்லக்கிளிக்கு முன்னால் மாமியார், பின்னால் அகத்தி வரிசை. ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கிற அளவுதான் இடம். புழுக்கத்தில் ரவிக்கை முதுகோடு ஒட்டியது. எந்தப் பக்கம் திரும்பினாலும் இலைதான். கல்யாணமான நாளிலிருந்து, இந்த நாலு வருஷமாக, இதற்குள்தான் கிடக்கிறாள்.

மதுரை டெலிபோன் ஆபீஸில் அவளுக்கு ஆபரேட்டர் வேலை வந்திருந்தது. அம்மா வீட்டுக்குப் போன சாக்கில் பரீட்சை எழுதி வாங்கிய வேலை. திங்கட்கிழமை போய்ச் சேராவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். கெஞ்சிப் பார்த்தாள். கண்ட ஆம்பளைக்கும் ஹலோ சொல்லவா உன்னைக் கட்டிக்கொண்டு வந்தோம் என்று சிரித்தாள் ஒச்சம்மாள். அத்தோடு பேச்சு முடிந்தது.

புருஷன்காரனும் அங்கேதான் மண்வெட்டியோடு நின்றான். பெயர்தான் உக்கிரபாண்டி. அம்மா முன்னால் எச்சில் விழுங்கக்கூட யோசிப்பான். வேலை விஷயத்திலும் சரி, வேறு எதிலும் சரி, பெண்டாட்டிக்காக ஒரு வார்த்தை பேசியது கிடையாது. அதை நினைத்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்போதும் வாய்க்கால் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றான், மகராசன்.

அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. அதை நிரூபிக்க ஒரே ஒரு வார்த்தை போதும். சொன்னால் ஒச்சம்மாளே கையைப் பிடித்துக் கூட்டிப்போய் நடுவீட்டில் உட்காரவைப்பாள்.

அப்புறம் எழுந்திருக்கவே விடமாட்டாள்.

நாக்கு நுனி வரைக்கும் வந்ததைச் செல்லக்கிளி விழுங்கினாள்.

"ஆமாத்தே. மறைச்சுட்டுத்தான் வந்தேன்."

இலை கிள்ளுகிறவர்களில் ஒருத்தி நெஞ்சில் கை வைத்தாள். ஒச்சம்மாள் அடிக்கவில்லை. படலைக் காட்டினாள். கொடி மறுபடி தழைக்கிற வரைக்கும் என் வீட்டு வாசலை மிதிக்காதே, ஆனையூரில் உன் ஆத்தா வீட்டில் போய்க் கிட என்றாள். செல்லக்கிளி தலையைக் குனிந்துகொண்டாள். பொய்யாக ஒத்துக்கொண்டதற்கே உடம்பெல்லாம் கூசியது. இனி ஊர் வாயில் விழுந்து எழ வேண்டும். கொடிக்காலைக் கெடுத்தவள் என்பார்கள்.

சொல்லட்டும். ஆனையூரிலிருந்து டெலிபோன் ஆபீஸுக்கு டவுன் பஸ் போகிறது.

துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு உக்கிரபாண்டிதான் பஸ் ஏற்றிவிட வந்தான். இவனிடமாவது உண்மையைச் சொல்லிவிடலாமா என்று அவளுக்கு மனசு அடித்துக்கொண்டது. சொன்னால் வீடு திரும்பியதும் அம்மாவிடம் ஒப்பித்துவிடுவான். பொழுது சாய்வதற்குள் வண்டி கட்டிக்கொண்டு வந்து அவளைத் திரும்ப அள்ளிப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். வாயை இறுக்கிக்கொண்டு நடந்தாள்.

மதுரை பஸ் பிதுங்கிக்கொண்டு வந்து நின்றது. அவன் முண்டியடித்து ஏறினான். ஜன்னலோரம் இருந்த ஒரு ஆளின் காதில் என்னவோ சொன்னான். அந்த ஆள் உடனே எழுந்துகொண்டார். அவளை அங்கே உட்காரவைத்து, பெட்டியைக் காலடியில் தள்ளினான்.

"திங்கக்கெழம வேலைக்குப் போறப்பயும் நின்னுக்கிட்டே போகாத. புள்ளத்தாச்சின்னு சொல்லி எடம் கேளு."

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். அவன் படியில் இறங்கிக்கொண்டே சொன்னான்.

"கொடிக்கால்லயே நான் வாயத் தொறக்கல. ஆத்தாகிட்ட இனிமேயா தொறக்கப் போறேன்?"