நாலு கிலோ மனு

“மேடையில அந்த மனுக்கட்டைப் பிரிக்க மாட்டாங்கல்ல?”

சட்டைப் பொத்தானைப் போட்டபடி ஐந்தாவது முறையாகக் கேட்டார் மனு மாமா. குடியிருப்போர் சங்கச் செயலாளர். மெட்ரோ ரயில் இந்தப் பக்கம் நீளலாம் என்று பேச்சு அடிபட்ட நாளிலிருந்து வாரம் ஒரு மனு எழுதித் தள்ளியதில், அவருடைய சொந்தப் பெயரே தெருவுக்கு மறந்து போயிருந்தது.

“பிரிச்சா என்ன? உங்க புகழ்தானே வெளியே வரும்,” என்றாள் மனைவி. உதட்டோரம் ஒரு சிரிப்பு.

“உனக்கு எப்பவும் இளக்காரம். தெருவைப் போய்ப் பாரு.”

அதுவும் உண்மைதான். புதர் மண்டிக் கிடந்த மூலையில் இப்போது நூலகம். குப்பைமேட்டில் மருத்துவமனை. சுரங்கம் தோண்ட ஆரம்பித்ததுமே ஊர் இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. ‘எல்லாம் என் பேனா முனையில முளைச்சது’ என்று பால்காரர் வரைக்கும் சொல்லி முடித்திருந்தார் மாமா. அழைப்பிதழிலும் ‘இந்நிலையம் அமையக் காரணமானவர்’ என்றே அச்சிட்டிருந்தார்கள்.

புது நிலைய வாசலில் மேடை. இளம்பெண்ணான திட்ட அதிகாரி மைக்கைப் பிடித்தார்.

“பதினாறு பகுதியில ஒண்ணுக்குத்தான் நிலையம் தர முடியும். எங்கே ஆர்வம் அதிகம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? வந்த மனுக்களைப் பகுதி வாரியா கட்டி, தராசுல வெச்சோம். இந்தப் பகுதிக் கட்டு மட்டும் நாலு கிலோ. எழுதினது ஒரே மனுஷர்.”

கைதட்டல் அதிர்ந்தது. மாமாவின் நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. எடைதான் போட்டிருக்கிறார்கள். நிம்மதி.

“ஐயாவே இதுல ஒண்ணைப் படிச்சுக் காட்டணும்,” என்று கட்டைப் பிரித்து ஒரு தாளை நீட்டினார் அதிகாரி.

மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். முன்வரிசையில் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“கண்ணாடி கொண்டு வரலம்மா,” என்றார், மூக்கின் மேல் கண்ணாடியோடு.

“அதனால என்னங்கய்யா, நானே படிக்கிறேன்.”

அதிகாரி கணீரென்று ஆரம்பித்தார்:

“ஐயா, எங்கள் பகுதிக்கு ரயில் நிலையம் வேண்டவே வேண்டாம். இது என்னுடைய நூற்றுப் பதினெட்டாவது ஆட்சேபம்.”