முந்நூற்று எண்பது மீட்டர்

முதலாவது, வண்டி திரும்ப வழியில்லை என்று சொல்லித் தெருவுக்கு வந்துகொண்டிருந்த பஸ்ஸை நிறுத்தினார்கள்.

இரண்டாவது, தீயணைப்பு வண்டி ஊரைச் சுற்றி வந்து சேர்வதற்குள் மரக்கடை கரியாகிவிட்டது.

மூன்றாவது, தையல்காரரின் மனைவியை நாற்காலியில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாதி வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

"நாலாவது..." என்று மனுக்காரர் மூச்சு வாங்கியபோது, நகராட்சி மேப் பிரிவு அம்மா வலிக்கிற கழுத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, இனிமே நேரா நாலாவதுக்கே வந்துடுங்களேன். முதல் மூணும் எனக்கு மனப்பாடம்."

"வரிசை தப்பக் கூடாதும்மா. வரிசையை விட்டா நியாயத்தையும் விட்ட மாதிரி."

சாட்சி இல்லாமல் அவர் எந்த ஆபீஸ் படியும் ஏறியதில்லை. இன்று பக்கத்தில் தையல்காரரும், மனுக்காரர் மனைவியின் தம்பியும். மேஜை மேல், 'தெரு உரிமைச் சங்கம்' என்று தலைப்பு அச்சிட்ட தாளில் பதினோராவது மனு. எல்லா மனுவும் எழுதப்பட்டது சங்க வாசகசாலையில்தான். தெருக்கோடிக்கு அந்தப் பக்கம் வெறும் முள்ளுக்காடாகக் கிடந்த காலத்தில், அவரே கயிறு பிடித்து அளந்து, தெருக்காரர்கள் செங்கல் சுமந்து அந்தக் கோடியிலேயே கட்டிய ஒற்றை அறை. அவர் வாழ்க்கையில் கட்டிய ஒரே கட்டடம்.

"நாலாவது, எங்க தெருவுக்கு மருந்தகம் கிடையாதுன்னு நீங்க அனுப்பின தாள். ஆஸ்பத்திரி முந்நூத்தி எண்பது மீட்டர்லயே இருக்காமே? யார் அளந்தா?"

"கம்ப்யூட்டர்ல நான்தான் அளந்தேன். நூத்தி அறுபது தெருய்யா. ஒவ்வொண்ணா அளக்க முடியுமா? ஸ்கிரிப்ட்னு ஒரு சின்ன புரோகிராம் எழுதி ஓட விட்டேன். தெருவோட நடுவுல ஒரு புள்ளி, அங்கேருந்து ஆஸ்பத்திரிக்கு ஒரு நேர்கோடு. ஒரு கிலோமீட்டர் தாண்டினாத்தான் மருந்தகம்."

"நேர்கோடா? நோயாளி என்ன காக்காயா, பறந்து போறதுக்கு?"

"காக்காயா இருந்தா எங்க அத்தான் அதையும் மனு எழுத உட்கார வச்சிருப்பாரு" என்றான் மைத்துனன்.

யாரும் சிரிக்கவில்லை. தையல்காரர் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "நாங்க நடந்தோம்மா. ரொம்ப தூரம்."

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திரை பக்கம் திரும்பி, ஸ்கிரிப்டில் நாலைந்து வரிகளை மாற்றினாள்.

"நேர்கோட்டை எடுத்துட்டேன். இப்ப ரோடு வழியா, நடக்கிற மாதிரியே அளக்கும்."

பட்டனைத் தட்டினாள். மின்விசிறி கிறீச்சிட்டது. மனுக்காரர் முழங்காலை நீவிவிட்டுக்கொண்டார். முப்பது வருஷமாக இப்படித்தான், ஏதோ ஒரு மேஜைக்கு எதிரே, ஏதோ ஒரு பதிலுக்காக.

"ரெண்டாயிரத்து அறுநூத்திப் பத்து மீட்டர்" என்றாள்.

தையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனுக்காரர் நிமிர்ந்தார். "இதைத்தானேம்மா பத்து மனுவுல கரடியாக் கத்தினோம்!"

"இது போதும்யா. மருந்தகம் கிடைச்சுடும். இந்த எண்ணை மட்டும் பிரிண்ட் போட்டுத் தரேன்."

"மட்டுமா? வேற என்ன இருக்கு?"

அவள் திரையைப் பார்த்தாள். மேஜை மேலிருந்த மனுவைப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல. சுத்து ரொம்ப அதிகமா இருந்தா, பழைய மேப்போட ஒப்பிட்டு, எந்த இடத்துல வழி அடைபட்டிருக்குன்னு பக்கத்துக் கட்டத்துல அதுவே எழுதும். உங்களுக்கு அது தேவையில்ல."

"அப்ப எங்களுக்கு நேர் வழி இருந்திருக்கு!"

"இருந்திருக்கு. இருபதடிப் பாதை. திறந்திருந்தா நானூத்திச் சொச்சம் மீட்டர். யாரோ கட்டடம் கட்டி அடைச்சுட்டாங்க."

மனுக்காரர் விரல் விட்டு எண்ணினார். பஸ், மரக்கடை, நாற்காலி. மூன்றுக்கும் ஒரே ஆள்!

"யாரு?"

"விடுங்கய்யா. அது வெளிய வந்தா, முதல்ல பாதையைத் திறங்கன்னு மருந்தகத்தை நிறுத்திடுவாங்க. நான் அந்தக் கட்டத்தை அழிச்சுடறேன். வீட்டுக்குப் போங்க."

"எந்தப் பெரிய மனுஷனைக் காப்பாத்தறீங்க? என்ன வாங்கினீங்க அவன்கிட்ட?"

அவள் முகம் சுருங்கியது.

"மருந்தகம் போனாப் போகட்டும். இவர் சம்சாரத்தைக் கொன்னவன் பேரு எனக்கு வேணும். முழுசாப் பிரிண்ட் போடுங்க. சாட்சிங்க முன்னால வாசிக்கணும்."

"ஐயா, மனசுக்குள்ள வாசிச்சுக்குங்க. உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

"நான் எதையும் மனசுக்குள்ள வாசிச்சதில்ல."

தாள் வந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தார்.

விரல் அங்கேயே நின்றது.

"யாருண்ணே?" என்றார் தையல்காரர்.

எதிரே அந்தம்மா கையை நீட்டிக்கொண்டிருந்தாள், தாளைத் திருப்பித் தந்துவிடச் சொல்லி. தந்தால் அவள் அழித்துவிடுவாள். மருந்தகமும் வரும்.

"சொல்லுங்கண்ணே. எந்தப் பாவி?"

மனுக்காரர் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கூட்டத்தில் தீர்மானம் படிக்கிற அதே குரலை வரவழைத்துக்கொண்டு வாசித்தார்:

"வழியை அடைத்திருப்பது: தெரு உரிமைச் சங்க வாசகசாலை."