கோபத்தைக் குண்டூசியில் மாட்டலாமா?
மூன்றாம் வகுப்பு ஜன்னல் வழியே விழும் பதினோரு மணி வெயிலில் பசைக் கிண்ணம் மின்னுகிறது. ஓட்டைப்பல் சிறுமியின் விரல்நுனிகளில் காய்ந்த பசை வெள்ளைத் தோலாக உரிகிறது. அவள் ஒட்டிய படம் நான்கு குண்டூசிகளின் தயவில் சுவரில் தொங்குகிறது: உப்புத்தாள், எரிந்த தீக்குச்சிகள், அறுந்துபோன ஒரு செருப்பு வார். அதன் முன்னால் தலைமையாசிரியை இடுப்பில் கைவைத்து நிற்கிறார். "இது என்ன?" வகுப்பே மூச்சை இழுக்கிறது. இந்த அறையில் யாரும் கேட்கக் கூடாது என்று பக்கத்தில் நிற்கும் ஓவிய ஆசிரியை சொல்லிவைத்திருக்கும் கேள்வி அது. "அப்படிக் கேட்டா கண்ண மூடிட்டுத் தொட்டுப் பாக்கணும் மிஸ்," என்கிறாள் ஓட்டைப்பல். தலைமையாசிரியை கண்ணை மூடவில்லை. "நாளைக்குப் பெத்தவங்க வராங்க டீச்சர். வீடு, மலை, சூரியன்னு பாத்தா புரியற மாதிரி மாட்டுங்க. இந்தக் குப்பைய முதல்ல கழட்டுங்க." ஓவிய ஆசிரியைக்குக் காதுமடல் சுடுகிறது. மூன்று வருடமாக வாயைத் திறக்காமல் வீடும் மலையும் சூரியனும் மாட்டிய கைகள் அவருடையவை. அதே கைகள் இப்போது குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்குகின்றன. நான்காவது குண்டூசி டப்பாவில் விழும் சத்தம் கேட்டதும் தலைமையாசிரியை திருப்தியாக வாசல் பக்கம் நடக்கிறார். சிறுமிக்கு உதடு பிதுங்குகிறது. "அது என் கோபம் மிஸ்." "தெரியும்டி. கோபத்தப் போய் யாராவது குண்டூசில மாட்டுவாங்களா? என் தப்புதான்." ஆசிரியை படத்தைக் கவிழ்த்துப் போட்டுப் பசைக் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளுகிறார். "மூலை விடாம தடவு." வாசலில் செருப்புச் சத்தம் நிற்கிறது. "என்ன டீச்சர் பண்றீங்க? கழட்டச் சொன்னேன்ல?" ஆசிரியை திரும்பிப் பார்க்கவில்லை. உப்புத்தாள் உள்ளங்கையைக் கீற, இரு கைகளாலும் படத்தைச் சுவரோடு அழுத்துகிறார். "கழட்டிட்டேன் மேடம். இப்ப ஒட்டறோம்."