அறுந்த நாடா

கொதிகலன்களைச் சோதிக்க ஒவ்வொரு பிப்ரவரியிலும் என்னை ரஷ்யாவின் வடக்கிலுள்ள பெத்ரசவோத்ஸ்க்குக்கு அனுப்புகிறார்கள். இருபது வருடமாக இதே வேலை. ஏரி கல்லாக உறைந்து கிடக்கும். அதன் கரையிலுள்ள உணவகத்தில்தான் மதியச் சாப்பாடு. போட்டிருக்கும் கோட்டைக் கழற்றி வாசலில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதை வாங்கி மாட்டுகிறவள் ரிம்மா அத்தை.

"காலர்ல இருக்கற மாட்டற நாடா இந்த வருஷமும் அறுந்துதான் கெடக்கு. எதுல மாட்டறது, என் மூக்குலயா? ஊசி நூல் தரேன், தைச்சுக் குடு."

"அடுத்த தடவை தைக்கிறேன், அத்தை. களைப்பா இருக்கு, முடியலை."

"போன வருஷமும் இதைத்தான் சொன்னே."

முணுமுணுத்தபடி 47 என்று பொறித்த பித்தளை டோக்கனைக் கொடுத்தாள்.

மீன் சூப்பும் கருப்பு ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு வந்து டோக்கனை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"அப்பவே கோட்டை வாங்கிட்டுப் போயிட்டியே, தம்பி. இந்த முக்காலியில உக்காந்து நாடாவை எவ்வளவு அழகாத் தைச்சே! நான்கூடப் பரவாயில்லையேன்னு நெனச்சேன்."

முக்காலியின் மேல் ஊசியும் மிச்ச நூலும் இருந்தன. கொக்கியில் என் கோட்டு இல்லை. அங்கே இன்னொரு 47 எண் டோக்கன் தொங்கியது.

வெளியே மைனஸ் முப்பது. கோட்டு இல்லாமல் விடுதிவரைகூடப் போக முடியாது.

"எந்தப் பக்கம் போனேன்?" என்று கேட்டேன்.

அவள் ஜன்னலைக் காட்டினாள். உறைந்த ஏரியின் மேல், என் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒருவன் நேராகப் போய்க்கொண்டிருந்தான். அவன் நடையில் களைப்பே இல்லை.