அண்ணி அடித்த முட்டை

யாஷ் நகரத்துப் பகல் வெயில் ட்ராயனின் வலது முழங்கால்மேல் விழுகிறது. அது பன் மாதிரி உப்பி மினுங்குகிறது. ஈஸ்டர் விருந்தில் அண்ணி ஸெனோவியா பச்சை முட்டையை அடித்து மயோனைஸாக்கி ஊற்றிச் செய்த உருளைக்கிழங்கு சாலட் அவன் வயிற்றைக் கெடுத்தது. அந்த முட்டையிலிருந்த கிருமியால்தான் மூட்டும் வீங்கிவிட்டது என்கிறார் டாக்டர். அண்ணி ஒப்புக்கொண்டால்தானே! "வயித்துக்கும் முட்டிக்கும் என்னடா சம்பந்தம்? ஒழுங்கா சாப்பிடாம கெடக்குற, அதான்." அவன் மடியில் தட்டை வைக்கிறாள். அதே சாலட், மேலே ஆலிவ் துண்டுகளில் ஒரு பூ. "கடை மயோனைஸ்தானே அண்ணி?" என்று கெஞ்சுகிறான். "சீ, நம்ம வீட்ல அந்தக் கேவலம் உண்டா? நானே அடிச்சேன்." அவனுக்கு வயிறு கடமுடவென்று உருள்கிறது. கழிப்பறை கூடத்தின் கோடியில் இருக்கிறது. எழப் பார்க்கிறான், முழங்கால் மடங்கவும் மாட்டேன், நிமிரவும் மாட்டேன் என்கிறது. அண்ணியின் முகம் மலர்கிறது. "பாத்தியா, வயிறே கேக்குது!" கரண்டி அவன் வாயருகே வருகிறது.