சப்பென்று ஒரு பழம்

"இந்த மரத்தால ஒரு பிரயோஜனமும் இல்லை. வெட்டிப் போட்டுட்டு அந்த இடத்துல துணி காயப் போடக் கொடி கட்டலாம்" என்றாள் அண்ணி.

தங்கை அப்போதுதான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஐந்து நாள் பள்ளிக்கூட ஆபீஸில் பைல் புரட்டிவிட்டு, சனிக்கிழமையானால் ரெண்டு பஸ் மாறி அண்ணனைப் பார்க்க வருகிறாள். வந்ததும் காதில் விழுந்தது இதுதான்.

அண்ணன் முன்னறை நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். பேசத் தெம்பு இல்லை. தொண்டையில் கட்டி என்று முப்பத்து மூன்று நாள் ரேடியேஷன் கரண்டு வைத்து முடித்து, ஆறு மாசம் ஆகிறது. கழுத்துத் தோல் இன்னும் கறுத்தே கிடந்தது.

கொல்லையில் நிற்கும் அந்த இலந்தை அவர் வைத்தது. ஒட்டுச் செடி. பஸ் டிப்போவில் மெக்கானிக் வேலை முடித்து வந்தால், கை கிரீஸைக் கூடக் கழுவாமல் அதன் முன்னால் போய் நிற்பார். முதல் தடவை பூத்ததெல்லாம் கொட்டிப்போனது. கிளையைக் கழித்துவிட்டால் புதுத் துளிரில்தான் காய் பிடிக்கும் என்று யாரோ சொல்ல, போன கோடையில் முள்ளோடு மல்லுக்கட்டி ஒட்ட வெட்டிவிட்டார். அடுத்த வாரம்தான் தொண்டை வலி என்று டாக்டரிடம் போனது.

கட்டி கரைந்தது. கூடவே நாக்கும் செத்துப்போனது. உப்பும் தெரியவில்லை, சர்க்கரையும் தெரியவில்லை. போகப் போக வரும் என்றார் டாக்டர்.

"காய் பழுக்கறதுக்குள்ள நாக்கு வந்துடும்" என்று அண்ணன் தங்கையிடம் வாராவாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது பழுத்துவிட்டது. எப்படி இருக்கிறது என்று அவள் கேட்டதற்கு, அவர் கையை விரித்தார். அவர் கடித்த மிச்சத்தை அண்ணியும் தின்று பார்த்தாளாம். தண்ணீர் மாதிரி சப்பென்று இருக்கிறதாம். நர்சரிக்காரன் ஏமாற்றிவிட்டானாம். உதிர்கிற பழத்தையெல்லாம் தினமும் காலையில் பெருக்கிக் குப்பையில் கொட்டிவிடுகிறாளாம்.

தங்கை கால் கழுவக் கொல்லைப் பக்கம் போனாள். மஞ்சளும் பச்சையுமாகக் கொத்துக் கொத்தாய்த் தொங்கியது. எட்டிய ஒன்றைப் பறித்துக் கடித்தாள்.

கறுக்கென்றது. அப்புறம் வாயெல்லாம் இனிப்பு.

இன்னொன்றைப் பறித்தாள். அதுவும் அப்படியே. மூன்றாவதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நேரே சமையலறைக்குப் போனாள். அண்ணி புருஷனுக்காகச் சாப்பாட்டை மிக்ஸியில் கூழாக அடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, பழம் சர்க்கரையா இருக்கு. பார்த்துப் பார்த்து வளர்த்த மனுஷன். வாய் கூசாம எப்படி உங்களால இப்படிச் சொல்ல முடியுது?"

அண்ணி மிக்ஸியை நிறுத்தினாள். முன்னறைப் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். கையில் முழங்கை வரைக்கும் முள் கீறிய கோடுகள். இத்தனை மாசமும் தண்ணீர் விட்டது, புழு விழுந்த காயைப் பொறுக்கி எறிந்தது எல்லாம் அவள்தான்.

"மெதுவாப் பேசு" என்றாள். "செவ்வாய்க்கிழமை செக்கப்புக்குப் போனப்ப டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டார். இவ்வளவு நாள்ல வராதது இனிமே வர்றது கஷ்டம்னுட்டார். இவர்கிட்ட நான் இன்னும் சொல்லலை."

தங்கை மிக்ஸிக்குள் இருந்த கூழைப் பார்த்தாள்.

"மறுநாள்தான் முதல் பழத்தைப் பறிச்சார். கடிச்சுட்டு என் மூஞ்சியையே பார்த்தார். இனிக்குதுன்னு நான் எப்படிச் சொல்றது? பழத்து மேல பழியைப் போட்டுட்டா, நாக்கு எப்படியும் வரும்னு கொஞ்ச நாளாவது நிம்மதியா இருப்பாரில்ல?"

சொல்லிவிட்டு மறுபடியும் மிக்ஸியை ஓடவிட்டாள். தங்கை கையிலிருந்த பழத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

சாயங்காலம் கிளம்பும்போது, வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் அண்ணன் பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தார். பத்தடிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். ஸ்டாப் வந்ததும், மடித்து அக்குளில் இடுக்கி வந்த துண்டைப் பிரித்தார். உள்ளே ஒரு பை. பை நிறைய இலந்தைப் பழம்.

அண்ணியின் பொய்யைக் காப்பாற்ற அவள் சொன்னாள். "சப்புன்னு இருக்கிற பழம் எனக்கெதுக்குண்ணா?"

அண்ணன் களைப்பாகச் சிரித்தார். குரல் கரகரத்தது.

"விடிஞ்சா கிளி கூட்டம் கூட்டமா வந்து கொத்துது. சப்புன்னு இருந்தா வருமா?"

அவள் திரும்பி வீட்டுப் பக்கம் பார்த்தாள்.

"அவகிட்டக் காட்டிக்காதே. நான் நம்பிட்டேன்னு நினைச்சுத்தான் நாலு நாளா கொஞ்சம் தூங்கறா."

பஸ் வந்துவிட்டது. பையை அவள் கையில் திணித்தார்.

"இலந்தைன்னா அவளுக்கு உயிரு. அவளுக்காகத்தான் அந்த மரத்தையே வெச்சேன். அன்னிக்கு ருசி பார்த்ததோட சரி, என் முன்னால ஒரு பழம் கூடத் தின்ன மாட்டேங்கறா. இதை பிரிட்ஜில வெச்சு, அடுத்த வாரம் எடுத்துட்டு வா. கடையில வாங்கினேன்னு சொல்லி அவளுக்குக் குடு."